ஏறி வர ஒரு கரை

ரோஸ்விட்டா சொபோட்டா என்று கேட்டால் அந்தக் குடியிருப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. வேலிக்காரி என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும்.

இரும்பாலை தன் ஆட்களுக்காகக் கட்டிய செங்கல் வீடுகளில், எம்ஷர் ஆற்றை ஒட்டிய கடைசி வரிசையில் அவள் வீடு. ஆறு என்று பேருக்குத்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் அதைப் பீவாய்க்கால் என்றுதான் சொன்னார்கள். நிலக்கரி தோண்டித் தோண்டி நிலம் இறங்கிக்கொண்டே இருந்ததால் பூமிக்கடியில் கழிவுக் குழாய் போட வழியில்லை. அதனால் அந்தக் காலத்துப் பொறியாளர்கள் வளைந்து நெளிந்து போன ஆற்றை நேராக இழுத்து, அடியிலும் பக்கங்களிலும் சிமென்ட் பலகை பதித்து, சுரங்கமும் ஆலையும் ஊர்க் கழிப்பறைகளும் கழித்ததையெல்லாம் அதில் திறந்துவிட்டார்கள். பலகைகளில் கொழுப்பும் பாசியும் படிந்து சோப்பு தடவின மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் இடுப்பளவு வேலி. வேலியில் தலைகுப்புற விழும் மனிதனின் படம் போட்ட மஞ்சள் தகடு.

ஊவே ரோஸ்விட்டாவின் ஒரே பையன். எட்டு வயது. அப்பா வில்லி ஆலையில் இரும்பைத் தகடாக உருட்டும் பட்டறையில் வேலை பார்த்தார்; அந்தத் தெருவில் எல்லோரையும் போல வீட்டுக்குப் பின்னால் முயல் வளர்த்தார். எழுபத்து நாலாம் வருஷம் ஜூன் மாதம், காலை ஷிப்ட் முடிந்து வந்து முயல் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது, ஒரு கூடை தழை பறித்துவரச் சொல்லிப் பையனை அனுப்பினார். வழக்கமாக அனுப்புவதுதான். ஆனால் தெருவோரத்துத் தழையையெல்லாம் மற்ற வீட்டுப் பிள்ளைகள் முன்பே பறித்து முடித்திருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் மேட்டில் மட்டும் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. ஒரு இடத்தில் வேலி சாய்ந்திருந்தது.

கூடையை அன்று சாயங்காலம் கண்டுபிடித்தார்கள். பையனை மறுநாள், கீழே நீரேற்று நிலையத்தின் கம்பித் தடுப்பில்.

அடையாளம் காட்ட வில்லி மட்டும் போனார். ரோஸ்விட்டாவைப் பக்கத்து வீட்டு ஹில்டெ இரண்டு கையாலும் பிடித்துவைத்திருந்தாள். திரும்பி வந்த வில்லி தொப்பியைக் கழற்றாமலே சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தலையில அடிபட்டிருக்கு ரோசி," என்றார். "விழுந்த உடனே போயிட்டான். அவனுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த வாரத்தைக் கடந்தாள். அடக்கம் முடிந்த மறுநாள், காபி ஊற்றிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நீதானே அனுப்பின."

ஒரே தடவைதான் சொன்னாள். அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். அந்த வாரமே முயல்களைக் கூண்டோடு யாருக்கோ கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஹில்டெ பிற்பாடு சொல்லுவாள்.

ரோஸ்விட்டா வேலியைப் பிடித்துக்கொண்டாள். நகராட்சி வாசலில் போய் நின்றாள், போகச் சொன்னால் மறுநாளும் போய் நின்றாள். இடுப்பளவு வேலி ஆளுயரம் ஆனது, மேலே முள்கம்பி வந்தது. அதோடு விட்டாளா என்றால் இல்லை. வாரம் தவறாமல் வேலி நெடுகக் குடையோடு நடந்தாள். எங்கே கம்பி தளர்ந்திருக்கிறது, எங்கே நாய் தோண்டியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து ஆளை வரவழைத்துச் சரிசெய்ய வைத்தாள். வேலியோரம் விளையாடும் பையன்கள் தூரத்தில் அவளைக் கண்டதுமே, "வேலிக்காரி வர்றாடா, கம்பியப் பல்லால கடிச்சுப் பாக்கப் போறா" என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். ஓடினால் சரி என்று அவள் விட்டுவிடுவாள்.

சுரங்கங்கள் மூடின. பின்னால் ஆலையும் மூடியது. சீனாவிலிருந்து ஆட்கள் வந்து ஆலையைத் திருகாணி திருகாணியாகக் கழற்றிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரும்புக் கசடு கொட்டிய மேட்டில் யாரும் நடாமலே வெள்ளைப் பட்டைப் பூர்ச்ச மரங்கள் முளைத்தன. வேலையில்லாத ஆண்கள் நாய்களைப் பிடித்துக்கொண்டு தெருவில் மேலும் கீழும் நடந்தார்கள். ஆறு மட்டும் நாறிக்கொண்டே போனது.

அப்போதுதான் ஆற்றைத் திரும்ப ஆறாக்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு நிலவடிவமைப்பாளர் ஒருத்தி வந்தாள். ஹென்ரீக்கெ என்று பெயர், வடக்கே கடற்கரைப் பக்கத்துக்காரி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் எங்கேயும் போவாள். மாதா கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டுப் படத்தை விரித்துக் காட்டினாள். நிலம் இறங்குவது நின்றுவிட்டதால் கழிவெல்லாம் இனி ஆழத்தில் போட்ட குழாயில் போகும். மேலே மழைநீரும் ஊற்றுநீரும் மட்டும் ஓடும். சிமென்ட் பலகைகளைப் பெயர்த்து எடுத்துவிட்டு ஆற்றைத் தன் போக்கில் வளையவிடப் போகிறார்கள். கரையில் வில்லோ, ஆல்டர் மரங்களும் நாணலும் வரும், ஆலையின் பழைய இரும்பு கொட்டின இடத்தில் புல்வெளி வரும், மீன் வரும்.

மீன் என்றதும் மண்டபமே சிரித்தது. "பீவாய்க்கால் மீனா? முதல் மீன வறுத்து மேயருக்கு அனுப்பி வைப்போம்மா" என்றார் பின்வரிசையில் ஒருவர். ஹென்ரீக்கெயும் சிரித்தாள்.

ரோஸ்விட்டா எழுந்து படத்தில் வேலி எங்கே என்று கேட்டாள். வேலி இல்லை, மக்கள் தண்ணீரோரம் போய் உட்காரத்தானே இந்த வேலையெல்லாம் என்று பதில் வந்தது. மண்டபத்தில் தலைகள் ரோஸ்விட்டா பக்கம் திரும்பின. அங்கே இருந்த எல்லோருக்கும் ஊவேயைத் தெரியும், ஹென்ரீக்கெ ஒருத்தியைத் தவிர. ரோஸ்விட்டா நின்றபடியே பேசினாள். என்ன பேசினாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. வேலியை எடுக்கிற கையை வெட்டுவேன் என்று சொன்னதாக ஹில்டெ சொன்னாள்.

அவள் உட்கார்ந்த பிறகு வில்லி எழுந்தார். நாலு பேர் நடுவில் வாயைத் திறந்தறியாத மனிதர். "அந்தக் கரை எவ்வளவு சரிவா இருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது ரோஸ்விட்டாவுக்கு மூச்சு வாங்கியது. "வேலியப் பிடுங்கறவங்களோட நீயும் சேந்துட்ட."

"வேலிய யார் வேணாலும் தாண்டிடலாம் ரோசி."

"அப்ப தாண்டினது அவன் தப்புங்கறியா?"

அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

வேலை தொடங்கியதிலிருந்து வில்லி காலையில் பிளாஸ்கில் காபியை ஊற்றிக்கொண்டு ஆற்றோரம் போய்விடுவார். இயந்திரங்கள் சிமென்ட் பலகைகளைப் பெயர்த்து எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஹென்ரீக்கெயிடம் கையை நீட்டி நீட்டி ஏதோ சொல்லுவார். மாடி ஜன்னலிலிருந்து ரோஸ்விட்டா அதைப் பார்ப்பாள். பையன் செத்த இடத்தில் இந்த மனுஷனுக்கு அப்படி என்ன வேடிக்கை என்று வயிறெரியும்.

அவர்கள் வீட்டுக்கு நேரே வேலியைக் கழற்ற வந்த அன்று அவள் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேஸ்திரி வேலையை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தார். போலீசைக் கூப்பிட யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் வில்லிதான் வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து விடுவித்தார். அன்றைக்கே அவள் தன் படுக்கையை எடுத்துக்கொண்டு ஊவேயின் அறைக்குப் போனாள். அந்த அறை ஜன்னல் தெருவைப் பார்த்தது. பிறகு அவர்கள் ஒரே மேசையில் சாப்பிட்டு, இரண்டு அறையில் தூங்கினார்கள்.

ஆறு தெளிந்தது. முதல் கோடையில் தும்பி வந்தது, அடுத்த வருஷம் மீன்கொத்தி வந்ததாக வில்லி சொன்னார். ஊர் முழுக்கப் போய்ப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடையில் தின்பண்டம் எடுத்துக்கொண்டு பிள்ளை குட்டிகளோடு போய்ப் புல்லில் உட்கார்ந்தார்கள். "ஒரே ஒரு தடவை வந்து பாரேன் ரோசி" என்று வசந்தம் வந்தால் வில்லி கேட்பார். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள்.

பிறகு ஆலைப் புகை அவர் நுரையீரலில் இத்தனை வருஷம் செய்துவைத்திருந்த வேலையைக் காட்டியது. கடைசிக் கோடையில் பத்தடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

"என்னைக் கொஞ்சம் ஆத்தங்கரை வரைக்கும் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டார். "தனியாப் போக முடியல."

"ஹில்டெயக் கேளு. அவளுக்குத்தான் அதெல்லாம் பிடிக்கும்."

ஹில்டெதான் கூட்டிக்கொண்டு போனாள். அக்டோபரில் வில்லி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து மண்டபத்தில் எல்லோரும் காபியும் தூள் தூவின கேக்குமாக உட்கார்ந்திருந்தபோது ஹென்ரீக்கெ வந்தாள். கறுப்புக் கோட்டு, சாதாரணச் செருப்பு. ரோஸ்விட்டாவுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. தன்னைத் திட்டின பெண்ணின் எதிரில் தயங்கித் தயங்கித்தான் உட்கார்ந்தாள்.

"நான் நெறைய ஆறுகள்ல வேலை பாத்திருக்கேன், சொபோட்டா அம்மா," என்றாள். "உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒருத்தர் எனக்குக் கத்துக்கொடுத்ததில்ல. நான் போட்ட படத்துல உங்க வீட்டுக்கு எதிர்ல கரை செங்குத்தா இருந்துச்சு, மீன்கொத்தி கூடு கட்டட்டும்னு. அவர்தான் வேண்டாம்னார். அத மாத்தி, எதிர்ப்பக்கம் ஆலை நிலத்துல கொஞ்சம் வாங்கி, ஆத்தை அந்தப் பக்கம் தள்ளி, இந்தப் பக்கம் முழுக்கத் தாழ்வாக்கினோம். தண்ணிக்கு அடியிலயும் சரளை போட்டோம், கால் வழுக்காம இருக்க."

"எதுக்கு?" என்றாள் ரோஸ்விட்டா.

"உங்க பையனாலதான். முதல் கூட்டம் முடிஞ்சதும் என்கிட்ட வந்து சொன்னார், பையனுக்கு நல்லா நீச்சல் தெரியும்னு. அவன் நீந்திட்டுதான் இருந்திருக்கான், ரொம்ப நேரம். ஏற இடமில்ல, அவ்வளவுதான். அவன் கையப் பாத்தேன்னார். விரல் நுனியெல்லாம்..."

ஹென்ரீக்கெ நிறுத்தினாள். எதிரே இருந்த முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்," என்றாள். "கடவுளே. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

ரோஸ்விட்டா கேக் தட்டை மெல்ல நகர்த்தி வைத்தாள். "மிச்சத்தையும் சொல்லுங்க," என்றாள்.

மிச்சம் அதிகமில்லை. நகங்கள் தேய்ந்திருந்தன. தலையில் அடி எதுவும் இல்லை. வில்லி அதை ஹென்ரீக்கெயைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை போலிருக்கிறது. வேலி இருந்தால் பிள்ளைகள் உள்ளே போகமாட்டார்கள் என்று என் மனைவி நினைக்கிறாள், நான் உள்ளே விழுந்த பிள்ளையை மட்டும்தான் நினைக்கிறேன் என்றாராம்.

ரோஸ்விட்டா அன்று அழவில்லை. வந்தவர்களையெல்லாம் வாசல் வரை வந்து வழியனுப்பினாள். மீந்த கேக்கைப் பொட்டலம் கட்டி ஹில்டெயிடம் கொடுத்தாள். "ஆத்தங்கரையில அவர் என்ன செய்வார்?" என்று கேட்டாள். பேசாமல் உட்கார்ந்திருப்பார், சில நாள் அழுவார், ஏன் என்று நான் கேட்டதில்லை என்றாள் ஹில்டெ.

வீட்டில் தனியாக உட்கார்ந்தபோது ஒவ்வொன்றாக வந்தது. தொப்பியோடு உட்கார்ந்து அவர் அந்தப் பொய்யைச் சொன்ன விதம். நீதானே அனுப்பின என்று அவள் சொன்னபோதுகூட, அவன் எப்படிச் செத்தான் தெரியுமா என்று அவர் திருப்பி எறியாமல் இருந்தது. ஒரு கரையை ஏன் தாழ்வாக்க வேண்டும் என்று அவளிடம் விளக்க வேண்டுமானால் பையனின் விரல்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்வதைவிடத் துரோகி என்று பெயர் வாங்கிக்கொள்வது அவருக்கு எளிதாக இருந்திருக்கிறது. நாற்பது வருஷம் அந்தக் கைகளை மனசுக்குள் தனி ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பத்தடி நடக்க முடியாமல் அவர் கேட்டபோது அவள் ஹில்டெயைக் கைகாட்டியிருக்கிறாள்.

நவம்பரில் ஒரு பகல் வேளையில் அவள் ஆற்றுக்குப் போனாள். புல் பழுத்துக் கிடந்தது, ஆள் நடமாட்டம் இல்லை. கரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத அளவுக்கு நிலம் மெதுவாக இறங்கியது. செருப்போடு உள்ளே நடந்தாள். கணுக்கால், பிறகு முழங்கால். குளிர் எலும்பைக் கடித்தது. காலடியில் சரளை நின்றது, நழுவவில்லை. திரும்பி நின்று கரையைப் பார்த்தாள். எட்டு வயசுப் பையன் எட்டே எட்டில் ஏறிவிடுவான் என்று தெரிந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுகையா அது, மாடு கத்துகிற மாதிரி இருந்தது என்று நாயோடு அந்தப் பக்கம் வந்த ஒருவர் பிறகு தெருவில் சொன்னார். அவர்தான் தண்ணீரில் இறங்கிக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார். யாராவது விழுந்துவிட்டார்களா என்று கேட்டிருக்கிறார். "ஆமா," என்றாளாம்.

ஆறு அவளுக்குப் பிடித்துப்போனது என்று சொன்னால் பொய். புல்லில் உட்கார்ந்து தின்பண்டம் தின்றவர்களை அவளால் கடைசிவரை பார்க்கச் சகிக்கவில்லை. கல்லறைக்குப் போவாள், அப்பனும் பிள்ளையும் ஒரே இடத்தில் கிடந்தார்கள். அங்கே போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று போவாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுச் சொல்லாமலே திரும்புவாள்.

இரண்டு வருஷம் கழித்து ஆற்றின் அடுத்த பகுதிக்கான கூட்டம் பக்கத்து ஊரில் நடந்தது. ஹில்டெயைக் கூட்டிக்கொண்டு ரோஸ்விட்டா போனாள். அவள் எழுந்ததும், வேலிப் பேச்சு வரப்போகிறது என்று முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கரை போதாது," என்றாள் அவள். "இன்னும் தாழ்வா வைங்க. எட்டு வயசுப் பையன், நனைஞ்ச துணியோட, பயந்து போயி, யாரும் கை கொடுக்காம ஏறி வரணும். அதுக்குத் தகுந்த மாதிரி வைங்க."

ஒரு பக்கம் ரயில் பாதை, இன்னொரு பக்கம் எரிவாயுக் குழாய், எல்லா இடத்திலும் முடியாது என்று பொறியாளர் பணிவாகச் சொன்னார். முடிகிற இடத்தில் செய்யுங்கள், ஆனால் ஒரு தாழ்வான இடத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் அதிக தூரம் விடாதீர்கள் என்றாள் அவள். சில இடங்களுக்கு ஒத்துக்கொண்டார்கள், சிலவற்றுக்கு இல்லை.

பஸ் நிறுத்தத்தில் ஹில்டெ அவள் கோட்டுக் கழுத்தைச் சரிசெய்துவிட்டு, "இப்படிப் பேசத் தெரியுமா உனக்கு? இத்தனை வருஷமா ஒளிச்சு வச்சிருந்தியே" என்றாள்.

"நான் எங்க பேசினேன்? அவர் பேசவேண்டியது," என்றாள் ரோஸ்விட்டா. பஸ் வந்தது. ஹில்டெ ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டுவிட்டு, வீடு வரும் வரைக்கும் மழையைப் பற்றியும் உருளைக்கிழங்கு விலையைப் பற்றியும் தானாகவே பேசிக்கொண்டு வந்தாள்.