சாரியால் அளந்த கோடு

எங்கள் வீட்டு டிரைவ்வேயில் இன்றைக்கும் வளைவாக ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. கார் நிறுத்த வருகிற விருந்தாளிகள் அதைக் கவுன்சில்காரர் போட்ட கோடு என்று நினைத்து, தாண்டாமல் மரியாதையாக நிறுத்துவார்கள். அம்மாவும் அவர்களைத் திருத்துவதில்லை. கோட்டின் கதையைச் சொல்லப் போனால் தன்னுடைய சாரியின் கதையையும் சொல்ல வேண்டி வருமே என்பது அவருடைய கவலை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு விளையாட்டு மண்டபத்தில், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்களின் கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுத்தார்கள். வந்திருந்த பிள்ளைகள் எல்லாரும் என்னைவிட ஒரு தலை உயரம். பயிற்சியாளர் நல்ல மனுசிதான். என் தோளில் கை வைத்து, அடுத்த வருடம் வளர்ந்துவிட்டு வா என்றார். எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் வளர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. நான் வீட்டுக்கு வந்து குசினிக் கதிரையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.

"நல்லதாப் போச்சு. இனிச் சனிக்கிழமையில ரியூசனுக்குப் போகலாம்" என்றார் அம்மா. கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுக்கிற செலக்டிவ் ஸ்கூல் பரீட்சைக்கு எங்களுக்குத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் எங்கேயோ போய்ப் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பந்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன் என்பது கோயிலில் அம்மா நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டிய விஷயமாகியிருந்தது.

அந்த நேரத்தில்தான் சித்தப்பா வாயைத் திறந்தார். அப்பாவின் தம்பி. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து நாலு வருடம். கராஜுக்குப் பக்கத்து அறையில் இருந்தார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கட்டிலைத் தள்ளுகிற வேலை. என்னிடம் ஒருநாளும் மார்க்ஸ் கேட்காத ஒரே பெரிய ஆள் அவர்தான். அதற்காகவே அவர் என்ன சொன்னாலும் நம்புவேன்.

"அண்ணி, எனக்கு ஒரு ரேர்ம் தாங்கோ. அதுக்குள்ள பிள்ளையை ரீமில எடுக்காட்டி நானே ரியூசனுக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

ரேர்ம், அதாவது ஒரு பள்ளித் தவணை, என்றால் பத்துக் கிழமை, பத்து வாரம். அம்மா கலண்டரைப் பார்த்துப் பத்தாவது சனிக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டார்.

அந்தக் கிழமைக் கடைசியில் சித்தப்பா பழைய சாமான் கடையில் இருந்து ஒரு பந்தோடு வந்தார். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று நிறம். கடற்கரையில் சின்னப் பிள்ளைகள் உருட்டுகிற பந்து மாதிரி இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சித்தப்பாவுக்கோ புதையல் கிடைத்த முகம். அவர் படித்த பள்ளிக்கூடத்தில், அமெரிக்காவில் இருந்து வந்த பழைய சஞ்சிகை ஒன்றில் இந்தப் பந்தின் படத்தைப் பார்த்திருக்கிறார். அமெரிக்காவில் பெரிய லீக் ஒன்று இருந்ததாம். அதற்குப் போட்டியாகச் சிலபேர் இன்னொரு லீக் தொடங்கினார்களாம். அவர்களுடைய பந்துதான் இது. தூரத்தில் ஒரு கோட்டைப் போட்டு, அதற்கு வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி என்று ஊர் உலகமெல்லாம் பேச வைத்ததும் அவர்கள்தானாம். பத்து வருடம்கூட நிற்கவில்லை. நாலு அணிகளைப் பெரிய லீக் எடுத்துக்கொண்டது, மற்றவை கலைந்தன.

"அப்ப அவங்கள் தோத்துப்போனாங்கள்" என்றேன்.

"ஆர் சொன்னது தோத்ததெண்டு?" என்று கேட்டுவிட்டு, பந்துக்குக் காற்றடிக்கப் போய்விட்டார் சித்தப்பா.

அப்படித்தான் எங்கள் போட்டி லீக் தொடங்கியது. ஆறு பிள்ளைகள், மூன்று அணிகள். மேய்ஸ் ஹில் மயில்கள், டூங்காபி ரயில்கள், ஜிரவீன் கங்காருக்கள். அக்கம்பக்கத்து ஊர்ப் பெயர்களைச் சேர்த்துப் பெயர் வைத்ததெல்லாம் சித்தப்பா. மயில்களில் நானும், பக்கத்துத் தெரு மதுரைக்கார அன்ரியின் மகளும். அவளோடு இரட்டையாகப் பிறந்த தம்பி ரயில்களில். அவனுக்குக் கிரிக்கெட்தான் உயிர். அக்காவோடு வந்தால் எங்கள் வீட்டில் சுடச்சுடப் பொரிக்கிற ரோல்ஸ் கிடைக்கும் என்று வந்தவன்.

லீக் என்றால் கோடு வேண்டும். கோடு போட அளவுநாடா வேண்டும். அது எங்கள் வீட்டில் இல்லை. ஆறேகால் மீற்றர் என்பது மட்டும் சித்தப்பாவுக்கு நினைவு. அம்மா கோயில் தேருக்கு உடுப்பதற்கென்று ஊரில் இருந்து எடுப்பித்த புதுச் சாரி அலுமாரியில் இருந்தது. தைக்கிற அன்ரிக்கு நேரம் கிடைக்காததால் அதில் பிளவுஸ் துணி இன்னும் வெட்டப்படவில்லை. சித்தப்பா லேபிளை வாசித்தார். பிளவுஸ் துணியோடு ஆறேகால் மீற்றர் என்று இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அது முருகனே அளந்து அனுப்பியது போலத்தான் தோன்றியது. அந்த அன்ரி மட்டும் சுறுசுறுப்பான ஆளாக இருந்திருந்தால், எங்கள் கோடு இரண்டு முழம் கிட்ட வந்திருக்கும்.

கராஜ் கதவுக்கு மேலே மாட்டிய வளையத்துக்குக் கீழே நான் ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்றத் தலைப்பைப் பிடித்தபடி சித்தப்பா சோக்குக் கட்டியால் வளைவாகக் கோடு கீறிக்கொண்டு வந்தார். நான் கையை உயர்த்தித்தான் பிடித்திருந்தேன். ஆனாலும் சாரியின் நடுப்பகுதி தொய்ந்து, அப்பாவின் கார் ஒழுக்கிய எண்ணெயில் ஒரு தரம் தடவிவிட்டது. பிறகு வெள்ளைப் பெயின்ற் பூசினோம். கோடு அழகாக வந்தது.

அம்மா ஒரு கிழமை சித்தப்பாவோடு கதைக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் கொஞ்சம் சத்தமாக அவர் முன்னால் வைத்தார். தேரன்று அந்தச் சாரியைத்தான் உடுத்தார், எண்ணெய்க் கறையை முன்னால் செருகுகிற கொய்யக மடிப்புக்குள் மறைத்துவிட்டு. கோயில் வீதியில் அம்மா நடக்க நடக்கச் சித்தப்பா கொய்யகத்தையே பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே வந்தார். கறை தெரியவில்லை என்று உறுதியான பிறகுதான் அவருக்குச் சாமி கண்ணில் பட்டது.

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி விட்டதும் லீக் நடக்கும். எங்கள் டிரைவ்வே தெருவில் இருந்து மேல்நோக்கி ஏறும். கராஜ் மேட்டில், கோடு பள்ளத்தில். ஆகவே கோட்டில் நின்றால் வளையம் இன்னும் உயரத்தில் இருக்கும். முதல் மூன்று கிழமையும் என் பந்து வளையத்தைத் தொடவே இல்லை. சித்தப்பா எப்படிப் போடுவது என்று ஒன்றும் சொல்லித்தரவில்லை, அவருக்கே ஒழுங்காகப் போடத் தெரியாது. புள்ளி எழுதுவார், கைதட்டுவார், ரோல்ஸ் பொரிப்பார். ஐந்தாம் கிழமை ஒன்று விழுந்தது. அதற்குப் பிறகு என்னை இரவுச் சாப்பாட்டுக்கு உள்ளே கூப்பிட அம்மா தெருவரைக்கும் வரவேண்டியிருந்தது.

ஒன்பதாம் கிழமை சித்தப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு, எங்கள் ஆறு பேரையும் அந்த விளையாட்டு மண்டபத்துக்கு ஏற்றிப் போனார். எங்கள் லீக்கின் நட்சத்திர அணிக்கும் அவர்களுடைய அணிக்கும் காட்சிப் போட்டி என்றார். பயிற்சியாளருக்குக் கடிதம் எழுதிச் சம்மதம் வாங்கியிருந்தாராம். மூன்று நிறப் பந்தைக் கண்டதும் அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் காது சூடேறியது. ரயில்காரத் தம்பி, இப்பவே வீட்டுக்குப் போயிடலாமா என்று கேட்டான்.

தோற்றோம். நன்றாகவே தோற்றோம். வளையத்துக்குக் கீழே எங்களுக்கு அவர்களின் முழங்கைகளைத்தான் பார்க்க முடிந்தது. ஆனால் அந்தத் தரை சமதரை. நான் கோட்டுக்கு வெளியே போய் நின்று நிமிர்ந்தபோது, வளையத்தை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது. போட்டேன், விழுந்தது. மறுபடியும் போட்டேன். ஐந்தாவது விழுந்தபோது யாரும் சிரிக்கவில்லை. பயிற்சியாளர் சித்தப்பாவிடம் போய் ஏதோ பேசினார். என்னையும் மதுரைக்கார அன்ரியின் மகளையும் அடுத்த சனிக்கிழமை பயிற்சிக்கு வரச் சொன்னார். அவள் என்னைக் கட்டிப்பிடித்து, "நிஜமாவாடி?" என்று நாலு தரம் கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமைதான் அம்மா வட்டம் போட்ட சனிக்கிழமை. அம்மா கலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் தண்ணீர்ப் போத்தலை நிரப்பித் தந்தார். ரியூசன் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது.

மயில்கள் இரண்டும் போய்விட்டதால் லீக் அன்றோடு நின்றது. ரயில்காரத் தம்பி நிம்மதியாகக் கிரிக்கெட்டுக்கு ஓடினான். கங்காருக்கள் எங்கே போனார்கள் என்று நான் கேட்கவும் இல்லை.

போன மாதம் என் வேலை இடைவேளையில், அந்தப் பழைய அமெரிக்க லீக்கைப் பற்றிப் போனில் வாசித்துக்கொண்டிருந்தேன். அதைத் தொடங்கிய சிலருக்குப் பெரிய லீக்கை வெல்கிற எண்ணமே இருக்கவில்லையாம். அதற்குத் தொல்லை கொடுத்து, கதவைத் திறக்க வைத்து, உள்ளே போவதுதான் அவர்களுடைய திட்டமாம். நான் தேநீரை அப்படியே வைத்துவிட்டு, மெல்போர்னில் இருக்கிற சித்தப்பாவுக்குப் போன் எடுத்தேன். அவருக்கு இப்போது தலை முழுக்க நரை.

"இவ்வளவு நாளும் உனக்கு விளங்கேல்லையோ?" என்று சிரித்தார். "அந்தக் கோச் மனுசியிட்ட மூண்டு தரம் நேர போய்க் கேட்டனான். இடமில்லையெண்டிட்டா. பிறகென்ன செய்யிறது, லீக்தான் தொடங்கவேணும்."

வயதுக்கேற்ப அணி மாறி மாறி, அந்த மண்டபத்தில் ஏழு வருடம் விளையாடினேன். எனக்குக் கிடைத்த சிநேகிதிகள், கூட்டத்தில் வாய் திறக்கும் துணிச்சல், தோற்றுவிட்டு அடுத்த நாள் எழும்புகிற பழக்கம், எல்லாம் அங்கே கிடைத்தவைதான். இதையெல்லாம் போனில் அவருக்குச் சொன்னேன். நன்றி சொல்லத் தொடங்கியதும், அடுப்பில் கறி இருக்கிறது என்று போனை வைத்துவிட்டார்.

முதல் பயிற்சிக்குப் போன அந்தச் சனிக்கிழமை எங்கள் இரண்டு பேரையும் மண்டப வாசலில் இறக்கிவிட்டது சித்தப்பாதான். மூன்று நிறப் பந்து அவருடைய கக்கத்தில் இருந்தது. "அப்ப எங்கட லீக்?" என்று கேட்டேன். "அது முடிஞ்சுது பிள்ளை" என்றார், பல் எல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. இவ்வளவு பாடுபட்டுத் தொடங்கிய லீக் கலைந்து போயிருக்கிறது, இந்த மனிசனுக்குக் கொஞ்சமும் கவலை இல்லையே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே ஓடினேன். சித்தப்பாவின் லீக் வென்ற நாள் அதுதான் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.