ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு ஒரு மேட்னியும் பாதிச் சாப்பாடும்

போன வாரம் ஒரு வாசகி எழுதியிருந்தார். குடும்பத்தோடு ஏற்காட்டில் மூன்று நாள் தங்கப்போகிறார்களாம். ஒருநாள் மட்டும் சேலத்துக்கு இறங்கி, ஒரு சினிமா பார்த்து, நல்ல ஓட்டலில் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மலையேறிவிட முடியுமா என்று கேட்டிருந்தார். போயும் போயும் என்னிடம் கேட்டிருக்கிறார். நான் அப்படி ஒரு பயணம் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன். எண்பதுகளின் நடுவில், மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நேரமும் தூரமும் சரியாக இருக்கும், என் மனநிலைக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

அப்போது என் கணவர் தங்கராஜ் ஒரு காபி எஸ்டேட்டில் ஸ்டோர் கிளார்க். ஏற்காட்டில் பஸ் நிற்கும் ஒண்டிக்கடையிலிருந்து கரடியூர் போகும் வழியில் நான்கு கிலோமீட்டர் நடந்தால் எங்கள் குவார்ட்டர்ஸ். இரண்டு அறை, தகரக் கூரை. நான் சேலத்துக்காரி, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். கல்யாணமாகி வந்த மூன்று வருடத்தில் ஐந்து தடவை கீழே போயிருந்தேன். மூன்று கல்யாணம், இரண்டு சாவு. சும்மா போனது ஒரு தடவைகூட இல்லை.

அந்த வாரம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. சேலத்தில் ஒரு நூல் கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் சேராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மலையிலிருந்து தினமும் போய்வர வழியில்லை. வேலை முடிய ஆறரை ஆகும், ஏழே காலுக்குக் கடைசி பஸ், அதற்குப் பிறகு பனியில் நான்கு கிலோமீட்டர் நடை. எஸ்டேட்டுக்குச் சேலத்திலும் ஓர் ஆபீஸ் இருந்தது. அவர் கேட்டால் மாற்றல் கிடைக்கும். அவர் மாற்றல் கேட்பாரா, நான் வேலையை விடுவதா, இல்லை ஆளுக்கொரு ஊரில் இருப்பதா. இதுதான் கேள்வி.

அவர்தான் சொன்னார். "சனிக்கெழம கீழ போலாம் விமலா. நாம ரெண்டு பேரு மட்டும். படம் பாத்துப்புட்டு, ஓட்டல்ல நெதானமா உக்காந்து பேசி ஒரு முடிவு பண்ணிக்கலாம். இங்க பேசுனா பக்கத்து ஊட்டுக்கெல்லாம் கேக்குது."

எனக்கு அது போதும். காலண்டர் தாளின் பின்பக்கம் திட்டம் எழுதினேன். காலை ஒன்பதரை பஸ், பதினொன்றுக்குச் சேலம். மதியம் என் அக்கா வீட்டில் சாப்பாடு. இரண்டரை மேட்னி, ஐந்தே காலுக்குப் படம் முடியும். ஐந்தரைக்கு ஓட்டல். ஒன்றே முக்கால் மணி நேரம் சாப்பிடவும் பேசவும். ஏழே கால் பஸ். ஏழே காலுக்கு முடிகிற ராத்திரியா என்று டவுன்காரர்கள் சிரிப்பார்கள். மலைக்காரர்களுக்குக் கடைசி பஸ் எப்போதோ அதுவரைதான் ராத்திரி.

இப்போது தவறுக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் ஒண்டிக்கடைக்குப் பீடி வாங்கப் போனவர், நாளைக்குக் கீழே போகிறோம் என்று கடையில் சொல்லிவிட்டார். மலையில் அந்தக் காலத்து வழக்கம் இது. ஒருவர் சேலத்துக்கு இறங்குகிறார் என்றால் மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் இறங்குகிறார். அவரவர் சீட்டு எழுதிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். சொல்லாமல் போய்வந்தவனை மாதக் கணக்கில் குத்திக் காட்டுவார்கள். ராத்திரி எட்டு மணிக்குள் எங்கள் வாசலுக்குப் பதினோரு சீட்டு வந்தது.

முதலில் வந்தது எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். "ஏனுங்க தங்கராசு, அம்மாவுக்கு அந்த டானிக்கு நம்மூர்ல கெடைக்க மாட்டேங்குது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக் கடைல இருக்குமுங்க." அடுத்து மிஷன் பள்ளி ஸ்டெல்லா டீச்சர், கோயில் பீடத்துக்கு விரிக்க வெள்ளை லேஸ் துணி நாலு மீட்டர். மானேஜர் வீட்டம்மாவுக்குக் குக்கர் ரப்பர். செம்மநத்தத்திலிருந்து ஒருவர் உடைந்த மூக்குக்கண்ணாடியை இலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். எல்லாருக்கும் என் கணவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நான் உள்ளே நின்று ஒவ்வொரு தலையாட்டலையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

பஸ் ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பியது. முப்பத்திரண்டு கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு, ஆளுக்கு நான்கு ரூபாய். எனக்கு ஜன்னல் சீட். கீழே போகப் போகக் காற்று சூடாவதும், ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வதும் எனக்கு எப்போதும் பிடிக்கும். அவர் சீட்டுகளை முழங்காலில் அடுக்கி, எந்தத் தெரு முதலில் என்று வரிசைப்படுத்திக்கொண்டு வந்தார். அடிவாரம் வந்தபோது, "ஒரு மணி நேரத்துல முடிச்சர்றேன். நீ அக்கா ஊட்டுக்குப் போயிரு. ரெண்டே காலுக்குத் தியேட்டர் வாசல்ல இருப்பேன்" என்றார்.

இரண்டே காலுக்கு நான் இருந்தேன். பால்கனி டிக்கெட் ஒன்று மூன்றரை ரூபாய், நானே இரண்டு வாங்கினேன். மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவர் வந்தார். தோளில் ஒன்றும் கையில் இரண்டுமாக மூன்று பை, கக்கத்தில் ஒரு பாய், போதாததற்கு ஒரு தகர டின். டின்னை உள்ளே விட முடியாது என்று டிக்கெட் கிழிப்பவர் சொல்லிவிட்டார். சைக்கிள் ஸ்டாண்டில் எல்லாவற்றையும் வைத்து, அந்த ஆளிடம் கெஞ்சி, நாங்கள் உள்ளே போகும்போது மணி மூன்று பத்து. கதை யாருடையது என்றே தெரியாமல் இருட்டில் உட்கார்ந்தோம்.

இடைவேளையில், "கண்ணாடி நாலு மணிக்குத் தர்றேன்னான். வாங்கிட்டு, அப்படியே மூட்டையையும் ஒரு பார்வ பாத்துட்டு வந்தர்றேன்" என்று எழுந்தார். சீட்டில் துண்டைப் போட்டுவிட்டுப் போனார். பிறகு வரவே இல்லை. கொட்டகை முழுக்க விழுந்து விழுந்து சிரித்த ஓர் இடத்தில் நானும் சிரித்தபடி பக்கத்தில் திரும்பினேன். துண்டுதான் இருந்தது. என்ன படம் என்று கேட்காதீர்கள், டிவியில் போட்டால் இன்றைக்கும் மாற்றிவிடுவேன்.

படம் விட்டு இருபத்தைந்து நிமிஷம் கழித்து அவர் வந்தார். கண்ணாடிக்காரர் தாமதமாம். ஆறு மணிக்கு ஓட்டலில் உட்கார்ந்தோம். ஃபேமிலி ரூம், மின்விசிறிக்குக் கீழே, நான் நினைத்திருந்த மாதிரியே. மேசைக்கு அடியில் மூட்டைகள், என் காலை வைக்க இடமில்லை. இரண்டு மட்டன் பிரியாணி சொன்னோம், ஒன்று ஒன்பது ரூபாய்.

"ஏனுங்க, வேலை விசயம்" என்று ஆரம்பித்தேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பேசலாம் விமலா. ஆனா மூட்ட இத்தன இருக்குதல்ல. ஏழு மணிக்கு மேல போனா பஸ்ல வெக்க எடம் இருக்காது. பார்சல் கட்டச் சொல்லிர்றேன். பஸ்ல சாப்புட்டுக்கிட்டே பேசிக்கலாம்."

இருபது வளைவில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே வாழ்க்கையை முடிவு செய்ய வேண்டுமாம். பிறந்ததிலிருந்து அந்த மலையில் ஏறி இறங்குகிறவர் சொல்கிறார். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. சர்வர் வாழையிலையில் இரண்டு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டில் எங்களுக்குத் தெரிந்த கண்டக்டர்தான் நின்றிருந்தார். நான் கடைசியாக ஒன்று கேட்டுப் பார்த்தேன். "மூட்டைய இவருகிட்டக் குடுத்து உட்டர்லாமுங்க. நாம அக்கா ஊட்டுல தங்கிட்டு நாளைக்குப் போலாம். ராத்திரி பேசலாம்."

கண்டக்டரே சொன்னார். "அதுக்கென்னங்க சார், தெனமும் பண்றதுதானுங்க. ஒண்டிக்கடைல எறக்கி வெச்சர்றேன். நீங்க அம்மிணியோட நாளைக்கு நெதானமா வாங்க."

என் கணவர் மூட்டைகளைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "இல்ல விமலா. நம்மள நம்பிக் குடுத்திருக்காங்க. கைல கொண்டுபோய்க் குடுக்காம பஸ்ல போட்டு உட்டா நொம்ப வருத்தப்படுவாங்க."

"அப்ப நான் வருத்தப்பட்டாப் பரவால்லையா?"

"நீ நம்ம ஆளுதான" என்றார். அதை அன்பாகத்தான் சொன்னார்.

நான் ஏறவில்லை. கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகிறேன், நாளைக்கு வந்துவிடுவேன் என்று அவர் நினைத்தார். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை ஒன்பதரைக்கு ஆபீசில் இருந்தேன்.

ரைட்டர் வீட்டில் டானிக் இன்னும் இரண்டு வாரத்துக்கு மீதி இருந்ததாம், பின்னால் ஸ்டெல்லா டீச்சர் சொன்னார். அவருடைய லேஸ் துணியே ஈஸ்டருக்குத்தான், அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அன்று அவசரம் என்று இருந்தது ஒன்றே ஒன்று, என் கடிதம். ஆனால் நானும் யோக்கியமில்லை. மாற்றல் கேளுங்கள் என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று படம் முழுக்க, சாப்பாட்டு மேசை வரைக்கும் காத்துக்கொண்டிருந்தேன். எஸ்டேட்டில், அவ்வளவு நல்ல மனுசனை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று பேசினார்களாம். பேசட்டும். சீட்டு கொடுத்தவர்கள்தானே.

சரி, வாசகிக்கு. ஏற்காடு ரவுண்டானாவிலிருந்து சேலம் அதே முப்பத்திரண்டு கிலோமீட்டர்தான், வளைவும் அதே இருபதுதான். மாலைக் காட்சி என்றால் நான்கு மணிக்கே இறங்கிவிடுங்கள், மூடுபனி இருந்தால் இன்னும் முன்னால். வாந்தி வருகிற பிள்ளைகளுக்கு இறங்கும் முன் எதுவும் கொடுக்காதீர்கள். ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், பார்சல் வேண்டாம். தங்கும் விடுதியில் யாரிடமும் எங்கே போகிறீர்கள் என்று சொல்லாதீர்கள். பேசித் தீர்க்க வேண்டியது ஏதாவது இருந்தால் கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுங்கள், சினிமாவையும் சாப்பாட்டையும் நம்பி வைத்திருக்காதீர்கள்.

நான் வேலையில் சேர்ந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை என் கணவர் அக்கா வீட்டுக்கு வந்தார். வேலையில் சேர்ந்துவிட்டேன் என்றேன். என்னைச் சமாதானப்படுத்த நினைத்தாரோ என்னவோ, "அதும் நல்லதாப் போச்சு. நீ கீழயே இருந்தா, ஏதாச்சும் வேணும்னா நீயே வாங்கி பஸ்ல போட்டு உட்டர்லாம்" என்றார்.

பஸ்ஸில் போட்டுவிடலாமாம். ஒரு வாரத்துக்கு முன்னால் அது முடியாமல் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அந்தக் கண்டக்டர் ஆபீஸ் வாசலில் வந்து ஒரு காகிதத்தைக் கொடுத்தார். என் கணவரின் கையெழுத்து, ஸ்டோர் லெட்ஜரில் எழுதுவது போலக் குண்டு குண்டாக. ஒன்பது சாமான், யார் யாருக்கு என்று பெயரோடு. எனக்கு ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று தாளைத் திருப்பிப் பார்த்தேன். அந்தப் பக்கம் எஸ்டேட் உர மூட்டைக் கணக்கு இருந்தது.

ஒன்பதையும் வாங்கி, கட்டி, ஏழே கால் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். நான் ஏறவில்லை.