பூச்சியைப் பார்த்து என் மனிசனைத் தீர்ப்பிட்டார்கள்

என் மனிசன் கடலில் சாகவில்லை. மன்னார் ஆஸ்பத்திரியில், விடியற்காலையில், நெஞ்சடைத்துச் செத்தார். பங்குச் சுவாமியார் வந்து அவஸ்தை எண்ணெய் பூசுவதற்கு முதலே சீவன் போய்விட்டது. சுவாமியார் பிந்தி வந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். மோட்டார் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு ஓட்டமாகத்தான் வந்தார். ஆனாலும் கடைசிப் பூசுதல் வாங்காமல் செத்த மனிசன் என்ற சொல் எங்கள் சனத்தின் வாயில் விழுந்துவிட்டது. எங்கள் சனத்தின் வாயில் விழுந்தது லேசில் வெளியில் வராது.

நான் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கிற பழக்கம் எனக்கு இல்லை. கோயிலிலும் தூணுக்குப் பின்னால்தான் இருப்பேன். இதை எழுதுவதற்குக் காரணம் கோபம். இன்னும் ஆறவில்லை.

செத்த வீட்டில் முப்பத்தோராம் நாள் பூசை வரைக்கும் பின்னேரத்தில் செபமாலை சொல்லுவது எங்கள் வழக்கம். அந்த நாட்களில் வீட்டுக்குள் பூச்சி ஏதும் பறந்து வந்தால், செத்தவர்தான் வந்திருக்கிறார் என்பார்கள். ஒருவரும் அடிக்க மாட்டார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. பகலில் வண்ணத்துப்பூச்சியாக வந்தால் ஆள் மோட்சம் சேர்ந்துவிட்டார். விளக்கடிக்கு விட்டிலாக வந்தால் உத்தரிக்கிற ஸ்தலத்தில் நெருப்பில் வேகிறார், மன்றாடச் சொல்லிக் கேட்டு வருகிறார். இப்படி ஒரு பாகுபாடு. இதைச் சுவாமிமார் ஒருவரும் பிரசங்கத்தில் சொல்லி நான் கேட்டதில்லை. பொம்பிளைகளின் வாயில் வளர்ந்த வேதம் இது.

மனிசனின் மூத்த அக்கா, என் மச்சாள், அரிப்பு ஊரில் கலியாணம் கட்டினவ. செத்த வீட்டுக்கு வந்தவ செபத்தை நடத்துவதற்காக எங்களுடனேயே நின்றுவிட்டா. குரல் நல்ல குரல். முன்னால் கதிரை போட்டு இருந்து, செபமாலையை உயர்த்திப் பிடித்துச் சொல்லுவா. நாங்கள் பாயில் இருந்து மறுமொழி சொல்லுவோம்.

ஒருநாள் இருட்டுப்படுகிற மைமல் பொழுதில், செபமாலை பாதி சொல்லியிருக்க, பெரிய பூச்சி ஒன்று வெளியில் இருந்து தத்தித் தத்தி வந்து மனிசனின் படத்துச் சட்டத்தில் இருந்தது. கடும் மண்ணிறம். இறகில் மஞ்சளாக நாலைந்து பொட்டு, வெளிச்சம் பட்டால் கண்ணாடி மாதிரித் தெரியும். உடம்பு கொழுத்த உடம்பு. கண் இரண்டும் நல்ல சிவப்பு.

மச்சாள் அருள்நிறை மந்திரத்தை நடுவிலேயே நிற்பாட்டினா.

"வந்திட்டான், என்ரை தம்பி வந்திட்டான்! ஐயோ மாதாவே, விட்டிலா எல்லோ வந்திருக்கிறான். கண்ணைப் பாருங்கோடி! நெருப்புக்குள்ளை கிடந்த கண்."

முன்வீட்டுக்காரி பாயில் இருந்தபடியே எட்டிப் பார்த்தாள். "அப்பிடித்தான் அக்கா இருக்கும். ஞாயிற்றுக்கிழமையிலயும் வலை பொத்தினவர்தானே."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஓம், ஞாயிற்றுக்கிழமையில் கிழிந்த வலையைப் பொத்தினார். பூசை கண்டு, சாப்பிட்டு, வேப்பமரத்துக்குக் கீழே இருந்து பொத்தினார். திங்கள் விடியக் கடலுக்குப் போகிறவன் வேறு எப்போது பொத்துகிறது? முன்வீட்டுக்காரியின் மகனுடைய வலையையும் அதே ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பொத்திக் கொடுத்தார். கண் சிவப்பு என்றால் அவருடைய கண்ணும் சிவப்புத்தான். உப்புத் தண்ணியும் வெயிலும் தின்ற கண். நெருப்பாம் நெருப்பு!

இவ்வளவும் மனதுக்குள்ளே சொன்னேன். வாயால் சொன்னது, "சொல்லுங்கோ மச்சாள், செபம் நிக்குது" என்பது மட்டும்தான்.

அன்றைக்குச் செபத்துக்கு ஒரு கன்னியாஸ்திரி வந்திருந்தா. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவ, வயதில் என் மகளை விட இளமை. எல்லோரும் தேத்தண்ணி குடித்துப் போன பிறகு படத்தடிக்கு வந்து நின்று பார்த்தா.

"அம்மா, ரோச் லைற் இருக்கோ? ஒருக்கா அடிச்சுப் பாப்பம்."

கொடுத்தேன். பக்கவாட்டில் வெளிச்சம் பிடித்தா.

"மீசையைப் பாருங்கோ. வண்ணத்துப்பூச்சிக்கு நுனி தீக்குச்சித் தலை மாதிரித் தடிச்சிருக்கும். விட்டிலுக்கு அப்பிடி இல்லை. நூல் மாதிரி இருக்கும், சிலதுக்குக் கோழிச் செட்டையின்ரை இறகு மாதிரி இருக்கும். இதுக்கு எப்பிடி இருக்கு?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நுனிப்பக்கம் தடித்து, பிறகு வெளிப்பக்கம் வளைந்து கூராக முடிந்தது.

"தூண்டில் மாதிரி வளைஞ்சிருக்கு, சிஸ்டர்."

"அதுதான் அடையாளம். இது விட்டில் இல்லை. துள்ளி எண்டு சொல்லுறது. தத்தித் தத்திப் பறக்கிறபடியால் அந்தப் பேர். வண்ணத்துப்பூச்சிக்கு நெருங்கின சொந்தம். உடம்பு கொழுப்பாயும் நிறம் மங்கலாயும் கிடக்கிறதால ஆக்கள் விட்டில் எண்டு நினைக்கிறது. இந்தச் சாதி மைமலுக்குத்தான் பறக்கும். உங்கட தென்னையில ஓலையைச் சுருட்டி வைச்சிருக்குமே, உள்ளுக்கு வெள்ளை மெழுகு பூசின மாதிரிப் புழு? அந்தப் புழுதான் இது."

அந்தப் புழுவை எனக்குத் தெரியும். மனிசன் சுருட்டோலையைப் பிரித்து எடுத்துக் கோழிக்குப் போடுவார்.

அடுத்த நாளில் இருந்து வளவில் நடக்கிற நேரமெல்லாம் பூச்சி பார்க்கிற ஆளாகிவிட்டேன். சுவரில் ஒட்டினால் போல இறகை விரித்துக் கிடந்தது விட்டில், மீசை நூல் மாதிரி. தேசிக்காய் மரத்தில் வந்து இருந்த பெரிய கறுப்பு வண்ணத்துப்பூச்சி இறகைக் கூப்பி நின்றது, மீசை தீக்குச்சி மாதிரி. ஆனால் விட்டில் எல்லாம் இருட்டுக்குத்தான் வரும் என்பதும் பொய். நல்ல பகலில், சிவப்பும் கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று முருங்கையடியில் பறந்து திரிந்தது. எட்டிப் பார்த்தேன், மீசை கோழிச் செட்டை. மச்சாள் கண்டிருந்தால் மோட்சவாசி என்று கும்பிட்டிருப்பா. அது போகட்டும். எங்கள் ரோட்டில் கழுதைகள் நின்று மூத்திரம் பெய்த ஈரத்தில், மச்சாள் சொல்லுகிற மோட்சத்து வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக இருந்து உறிஞ்சுகின்றன. நான் என் கண்ணால் கண்டேன். அதைப் போய் யாரிடம் சொல்லுகிறது?

இதற்கிடையில் கதை ஊர் முழுக்கப் போய்விட்டது. கருவாடு வாங்கப் போன இடத்தில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம் அக்கா, அண்ணை விட்டிலாய் வந்தவராமே" என்றாள். கண்ணில் தண்ணி வேறு. என் மனிசன் நெருப்பில் வேகிறார் என்று என் முகத்துக்கு நேரே சொல்லி அதற்கு என்னிடமே ஆறுதலும் எதிர்பார்த்தாள்.

அதையும் பொறுத்தேன். பொறுக்க முடியாதது பிறகு வந்தது. பூசைக்கு முதல் உபதேசியார், இன்னாருக்காக இந்தப் பூசை ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று ஒலிபெருக்கியில் வாசிப்பார். முப்பத்தோராம் நாள் பூசைக்கு என்ன வாசிக்க வேண்டும் என்று மச்சாள் என்னைக் கேளாமலே அவரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தா. சமைக்கிறபோது சாதாரணமாகச் சொன்னா.

"ஆயத்தமில்லாமல் இறந்து, உத்தரிக்கிற ஸ்தலத்தில வேதனைப்படுகிற என்ரை தம்பியின்ரை ஆத்துமத்துக்காக எண்டு வாசிக்கச் சொல்லிப்போட்டன். அப்பதான் சனம் உருகி மன்றாடும்."

ஊர் முழுக்கக் கேட்க. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு முன் வாங்குப் பலகையில் இருக்க. படத்தில் வந்து இருந்த பூச்சி மறுநாளே அதற்குக் கீழே செத்துக் கிடந்தது. அதை ஒரு நெருப்புப்பெட்டிக்குள் எடுத்து வைத்திருந்தேன். அன்று பின்னேரம், செபத்துக்கு ஆட்கள் வந்து இருந்தபோது, கொண்டுபோய் மச்சாளின் முன்னால் திறந்து வைத்தேன். மீசையைக் காட்டினேன். சிஸ்டர் சொன்னதை என் வாயில் வந்தபடி சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

மச்சாள் பெட்டியைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தா.

"அப்ப முழு விட்டிலும் இல்லை?"

"இல்லை."

"முழு வண்ணத்துப்பூச்சியும் இல்லை?"

"சொந்தம் எண்டு சிஸ்டர் சொன்னவ."

"பாத்தியளே! ரெண்டுக்கும் நடுவில. அப்ப தம்பி பாதி வழிக்கு வந்திட்டான். இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டால் சரி."

முன்வீட்டுக்காரி, "தள்ளுங்கோ அக்கா, தள்ளுங்கோ, பாரமான மனிசன்" என்றாள். பாயில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் என் வீட்டில், என் மனிசனின் படத்துக்கு முன்னால் சிரித்தார்கள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் கொண்டுபோன நியாயமே பிழை. மீசை தூண்டிலாக இருந்தால் என்ன, செட்டையாக இருந்தால் என்ன? அது சுத்தமான விட்டிலாக இருந்திருந்தால் நான் ஓம் என்று தலையாட்டி இருப்பேனா? என் மனிசனை வைத்துப் பூச்சி பார்க்கிற விளையாட்டுக்கு நானும் கையில் பெட்டியோடு போய் நின்றிருக்கிறேன். துள்ளி தென்னோலை தின்று வளர்ந்த பூச்சி. அதற்குப் பிறப்பிடம் எங்கள் வளவுத் தென்னை. உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருந்து அது வரவில்லை.

பெட்டியை வாங்கி மூடினேன். "மச்சாள், நீங்கள் செபத்தைச் சொல்லுங்கோ, நான் வாறன்" என்று சொல்லிவிட்டு, உடுத்த உடுப்போடு உபதேசியார் வீட்டுக்கு நடந்தேன். என் சீவியத்தில் தனியே அவர் வீட்டுப் படலையைத் திறந்தது அன்றைக்குத்தான். அவர் சாரத்தோடு விறாந்தையில் இருந்தார். என்னைக் கண்டு எழும்பினார்.

"என்னம்மா, தனிய வந்திருக்கிறியள்? வாங்கோ, இருங்கோ."

"இருக்க வரேல்லை. அவருக்கு வாசிக்கிறதை மாத்த வேணும்."

"அது அக்கா வந்து சொன்னவதானே?"

"அவ அக்கா. நான் பெண்சாதி."

அவர் வாசிப்புக் கொப்பியை எடுத்து விரித்தார். பிறகு, "அப்ப என்னெண்டு வாசிக்க?" என்றார்.

வரும் வழியில் நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்தது. "கடல் தொழில் செய்து பிள்ளையளை வளர்த்தவர், இந்தக் கோயில் பங்கில பிறந்தவர், அவருக்காக எண்டு வாசியுங்கோ. எங்கை இருக்கிறார் எண்டு வாசிக்க வேண்டாம். அது உங்களுக்கும் தெரியாது, மச்சாளுக்கும் தெரியாது."

"எங்கட வழக்கத்தில ஆத்துமம் எண்ட சொல்லாவது வர வேணும் அம்மா."

"அதைப் போடுங்கோ. வேதனையை எடுங்கோ."

பூசையன்று அப்படியே வாசித்தார். நான் தூணுக்குப் பின்னால்தான் இருந்தேன். முன் வாங்கில் மச்சாளின் தலை ஒருக்கால் வெடுக்கென்று திரும்பியதை மட்டும் கண்டேன். பூசை முடிந்து வாசலில் என்னைப் பிடித்தா.

"எடியே, என்ரை தம்பிக்கு மன்றாட்டைக் குறைச்சுப்போட்டாய். நாளைக்கு நீ செத்தாலும் இப்பிடி மொட்டையாத்தான் வாசிக்கிறதோ?"

சனம் எல்லாம் நின்றது. ஆனாலும் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன்.

"ஓம் மச்சாள். எனக்கும் இப்பிடித்தான். என்ரை வீட்டுக்கு என்ன பூச்சி வந்தாலும், அதைப் பாத்து ஒருத்தரும் எனக்கு இடம் போட வேண்டாம்."

அவ அன்றைக்கே பஸ் ஏறி அரிப்புக்குப் போய்விட்டா. இன்னும் என்னோடு கதைக்கிறதில்லை. முன்வீட்டுக்காரி இரண்டு பக்கமும் கதை கொண்டு திரிகிறாள். நான் மன்னிப்புக் கேட்டால் மச்சாள் வருவாவாம். என்னத்துக்குக் கேட்கிறது? கேட்க வேண்டிய இடம் என் மனிசனின் கல்லறை. கேட்க வேண்டியவள் நானில்லை.