ஐந்தாவது வேட்டு

கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிணறு வெட்டும் வேலைக்கு நான் மேற்பார்வை. யுத்த காலம். வேட்டு மருந்து கிடைப்பதே குதிரைக் கொம்பு. கேப்பை நாற்று காய்ந்துகொண்டிருந்ததால் நிலத்துக்காரர் காலையும் மாலையும் மேட்டில் வந்து நின்று எங்கள் உயிரை வாங்கினார்.

அன்று பாறையில் ஐந்து துளை போட்டு, மருந்து திணித்து, திரியைக் கொளுத்திவிட்டு எல்லோரும் புளியமரத்துக்குப் பின்னால் பதுங்கினோம். வேட்டுகள் வெடித்து அடங்கின. ஒன்று வெடிக்காமல் நின்றிருந்தாலும் இறங்குகிறவன் பிணமாகத்தான் மேலே வருவான். அதனால் சத்தத்தை எண்ணுவது வழக்கம். எண்ணுவது மேஸ்திரி. அவர் சொல்லிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

"அஞ்சும் போயிடுச்சு," என்றார் மேஸ்திரி.

"ஆமா, ஆமா," என்றது கூட்டம்.

எனக்கு நான்குதான் கேட்டது. கடைசி இரண்டும் சேர்ந்து வெடித்தனவோ என்னவோ! அதற்குள் மேஸ்திரியின் தம்பி இடுப்பில் கயிறு கட்டத் தொடங்கிவிட்டான். "நில்லு!" என்று கத்தினேன்.

கூட்டத்தில் வைத்துக் கேட்டால் ஒரே பதில்தான் வரும். ஒவ்வொருவராகத் தள்ளி அழைத்துப் போய்க் கேட்டேன், மண் சுமக்கும் பெண்களிடமிருந்து ஆரம்பித்து. பின்னாளில் விழுப்புரத்தில் பெரிய வேலைகளைப் பார்த்தபோதும் இதைத்தான் செய்தேன். பெரியவர் வாயைத் திறந்தபின் சின்னவர்களுக்கு வாய் இருப்பதில்லை.

ஒருத்தி நாலு என்றாள். இன்னொருத்தி, "நான் காதப் பொத்திக்கினு இருந்தேங்க," என்றாள். தம்பிக்காரனோ, "அண்ணன் சொன்னா சரிங்க," என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போகப்போவது அவனுடைய உயிர்!

நிலத்துக்காரர் ஆத்திரத்தில் குதித்தார். "இன்னாய்யா பேஜாரு இது? ஜல்தி ஆள எறக்குய்யா!"

மேஸ்திரியின் முகம் கறுத்துவிட்டது. "என் காதையே நம்பலையா? நானே எறங்கறேன்," என்று தம்பியின் கயிற்றைப் பிடுங்கினார். கணக்கு தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே இறங்கியிருப்பார்.

"உங்க கணக்கு சரியாவே இருக்கட்டும் மேஸ்திரி. எனக்குத்தான் பயமா இருக்குது. பயந்தாங்கொள்ளின்னு சிரிச்சுக்கோங்க. இன்னிக்கு வேணாம்."

வெகுநேரம் கயிற்றைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு கீழே போட்டார். மருந்து நமுத்துப் போகட்டும் என்று கிணற்றில் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டினோம்.

மறுநாள் மேஸ்திரியே இறங்கிப் பார்த்தார். ஐந்தும் வெடித்துத்தான் இருந்தன. ஒரு நாள் வேலை பாழ் என்று நிலத்துக்காரர் எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டித் தீர்த்து, போகச் சொல்லிவிட்டார். அவமானமாக இருந்தது. ஆனால் நான் செய்தது தப்பென்று அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. ஐந்தும் வெடித்த சங்கதி முதல் நாள் எங்களில் யாருக்குத் தெரியும்?

திண்டிவனம் பஸ்ஸுக்காக ரோட்டில் நின்றபோது மேஸ்திரி வேகமாக வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"எனக்கும் நாலுதாங்க கேட்டுச்சு. எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தாங்க. அஞ்சுன்னு சொல்லிட்டேன்."