இன்னொரு வெடி வேண்டாம் என்று கேட்டேன்

அஸ்ஸலாமு அலைக்கும் என்று சொல்லிவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

வாய்க்கால் கட்டுக்குக் கீழே ஒரு மதகுக் குழாய். அதற்குள் நான் கிடந்தேன். இடுப்பளவுக்குச் சேறு. இடது கால் முழங்காலுக்குக் கீழே எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறதென்றே எனக்குத் தெரியவில்லை. தலைக்கு மேலே, ஒரு முழ மண்ணுக்கு அந்தப் பக்கம், யானை நின்றது. அது மூச்சு விடும் சத்தம் குழாய்க்குள் வந்தது. அது கால் மாற்றி வைக்கும்போதெல்லாம் என் முகத்தில் மண் உதிர்ந்தது. இது பெரும்போகத்து வேளாண்மை கதிர் முற்றி நின்ற காலம். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வீட்டிலிருந்து புறப்பட்டவன் நான். பொழுது பட்டு மஃரிப் நேரத்தில் இப்படிக் கிடந்தேன்.

எனக்கு ஊர் நிந்தவூர். கல்முனையில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், பிள்ளைகளின் கத்னா வீடு, பாஸ்போட் சைஸ் படம் எல்லாம் எடுப்பேன். அது வயிற்றுப்பாடு. மனப்பாடு வேறு. லீவு கிடைத்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு மேற்கே வயல் பக்கம் போய்விடுவேன். கொக்கு, மயில், முதலை, யானை. என் மனைவி பஸ்மினா இதைப் பைத்தியம் என்பாள். கூடப்போக ஒரு ஆள் இருந்தால் பேசாமல் விடுவாள். அன்று வழக்கமாக வருகிற கூட்டாளிக்கு ஒரு கல்யாண வீடு. தனியாகப் போக வேண்டாம் என்று அவள் வாசல் வரைக்கும் வந்து சொன்னாள். இருட்ட முன்னம் வந்துவிடுவேன் என்றேன். ஆம்பிளைகள் சொல்கிற பொய்களில் இது பழையது.

எங்கள் பக்கத்து வட்டைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. வட்டை என்றால் நூற்றுக்கணக்கான ஏக்கர் வயல் ஒன்றாகக் கிடக்கிற வெளி. பின்னேரத்துக்குப் பிறகு யார் உள்ளே இறங்கினாலும் வாய்க்கால் கட்டில் நின்று நீளமாக ஒரு கூக்குரல் வைக்க வேண்டும். காவல் குடிசைகளில், வாடிகள் என்போம், இருக்கிறவர்கள் பதில் குரல் வைப்பார்கள். இந்தப் பக்கம் ஆள் இருக்கிறது என்று அவர்களுக்குக் கணக்குக்கு வந்துவிடும். யானை இறங்கினால் யானை வெடியைக் கொளுத்திப் போட்டுக் கலைப்பார்கள். கலைக்கும்போது குரல் வராத பக்கமாகத்தான் திருப்பி விடுவார்கள். குரல் இல்லையென்றால் ஆள் இல்லை. அவ்வளவுதான்.

எனக்கு இது சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டுதான் குரல் வைக்காமல் இறங்கினேன். குரல் வைத்தால் யானை காட்டுக்குள்ளேயே நின்றுவிடும், படம் கிடைக்காது. அதோடு காவல்காரர்கள் கண்டால் திரும்பிப் போகச் சொல்வார்கள். அதனால் மோட்டார் சைக்கிளை எஞ்சினை நிறுத்தி உருட்டிக்கொண்டு போய், கட்டோரத்துப் பன்புல்லுக்குள் சாய்த்து மறைத்தேன். பிறகு காட்டோரமாகக் கறையான் புற்று ஒன்றின் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன். சத்தம் போடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று நினைத்தேன். படம் எடுக்கிறவனுக்கு அப்படித்தான் புத்தி போகும்.

யானை வந்தது. தனியன். பெரிய ஆண். கதிருக்குள் இறங்காமல் வயலோரத்துச் சேற்றுக் குழியில் நின்று மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டது. பின்னால் சூரியன். முதுகில் கொக்குகள். என் வாழ்நாளில் அப்படி ஒரு படம் நான் எடுத்ததில்லை. ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டே இருந்தேன். அல்லாஹ் மன்னிக்க வேண்டும், அந்த நேரத்தில் மனைவி, பிள்ளைகள் ஒருவருமே என் நெஞ்சில் இல்லை.

முதல் வெடி விழுந்தது.

யானை ஒரு வட்டம் திரும்பியது. இரண்டாவது வெடி அதன் பின்னால் விழுந்தது. குரல் இல்லாத பக்கமாகத் திருப்பினார்கள். அந்தப் பக்கத்தில் நான் இருந்தேன்.

யானை ஓடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நேரில் முதலில் தெரிவது நிலம்தான். அது உங்கள் உள்ளங்காலுக்குச் சொல்லிவிடும். நான் எழும்பி ஓடினேன். கேமராவையும் பையையும் எறிந்தேன். ஃபோன் பைக்குள்தான். கட்டை ஏறிக் கடக்கும்போது ஏதோ என் காலில் பட்டது. தும்பிக்கையா, அதன் காலா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வாய்க்காலுக்குள் விழுந்தேன். எலும்பு முறிந்த சத்தத்தை நானே கேட்டேன். எப்படி மதகுக் குழாய்க்குள் போனேன் என்று கேட்காதீர்கள். போயிருந்தேன்.

அது என்னை விட்டுப் போகவில்லை. என் பையைத் தூக்கித் தூக்கி அடித்தது. பிறகு வாய்க்கால் கட்டில் ஏறி எனக்கு மேலே நின்றது. ஆத்திரத்தோடு நின்றது. மூன்றாவது வெடி விழுந்தபோது அது மிரண்டு கட்டை உதைத்தது. குழாயின் வாய்ப்பக்கம் உடைந்து உள்ளே விழுந்தது. கொஞ்சம் வெளிச்சம் இருந்தது, அதுவும் போய்விட்டது.

அப்போதுதான் எனக்கு நிலைமை விளங்கியது. குரல் வைத்தால் யானை கேட்கும். குரல் வைக்காவிட்டால் அவர்கள் இன்னும் வெடி போடுவார்கள். அடுத்த வெடிக்குக் கட்டு முழுதாக இறங்கி என்னை உயிரோடு மூடிவிடும். வாய் திறந்தாலும் சாவு, மூடினாலும் சாவு.

ஓதப் பார்த்தேன். மத்ரஸாவில் அடி வாங்கி மனப்பாடம் செய்த துஆக்கள் எத்தனை. ஆபத்தில் ஓதுவது, பயணத்தில் ஓதுவது, பயத்தில் ஓதுவது. ஒன்றுகூட வரவில்லை. யா அல்லாஹ் என்பது மட்டும் வந்தது. அதையும் சத்தமாகச் சொல்ல முடியாது. நெஞ்சுக்குள் சொன்னேன். பிறகு வெறும் தமிழில், வீட்டில் கதைப்பது போலக் கேட்டேன். யா அல்லாஹ், இன்னொரு வெடி வேண்டாம். என்னைக் காப்பாற்று என்றுகூடக் கேட்கவில்லை. அவ்வளவு பெரிதாகக் கேட்க எனக்கு முகம் இருக்கவில்லை. இன்னொரு வெடி வேண்டாம். அதையே திருப்பித் திருப்பிக் கேட்டேன்.

வெடி விழவில்லை.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. தவளைச் சத்தம் கேட்கத் தொடங்கியது. மேலே மூச்சுச் சத்தம் மெதுவானது. மண் உதிர்வது நின்றது. யானை பாரமாக இறங்கிக் காட்டுப் பக்கம் போனது. சந்தோஷப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். காவல்காரர்களும் போய்விட்டார்கள், இனி விடியும் மட்டும் என்னை ஒருவரும் தேட மாட்டார்கள் என்று நினைத்து அழுதேன். கால் வழியாக என் உயிர் போய்க்கொண்டிருந்தது. சாகப்போகிறவன் சொல்கிற கலிமாவைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினேன்.

அப்போது வாய்க்கால் கட்டிலிருந்து ஒரு மனிதக் குரல் கேட்டது.

"உள்ளுக்க ஆரு? உசிரோட கிடந்தா ஒரு சத்தம் வைங்க."

சொறிக்கல்முனையைச் சேர்ந்த யோகராசா அண்ணன். அந்த வட்டையில் காவல் இருக்கிறவர். மற்ற ஆட்களையும் உழவு மெஷினையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மண்ணைக் கையால் வறுகித் தோண்டி என்னை இழுத்து எடுத்தார்கள். மெஷின் பெட்டியில் வைக்கோல் போட்டுக் கிடத்தி வீதி வரைக்கும் கொண்டுவந்தார்கள். வழி முழுக்க அவர் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நித்திரை கொள்ளாதீங்க தம்பி, கதைங்க தம்பி என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்தபோதுதான் நடந்ததைச் சொன்னார். நாலாவது வெடியைக் கையில் எடுத்திருக்கிறார். நெருப்புப்பெட்டி நனைந்துபோய் இருந்திருக்கிறது.

"ஒரு குச்சியும் பத்தல்ல தம்பி. எண்ட மடிக்குள்ளதான் கிடந்தது, எப்பிடி நனைஞ்ச எண்டு எனக்கே விளங்கல்ல. அடுத்த வாடியில நெருப்பு வாங்கப் போனன். எந்த நாளும் வரம்பாலதான் போற. அண்டைக்கு என்னவோ கட்டால போனன். டோர்ச் வெளிச்சத்துக்குப் புல்லுக்குள்ள செவப்பா மினுங்கினது. பாத்தா மோட்டச் சைக்கிள்."

அவர் உடனே எல்லா வாடிகளுக்கும் குரல் வைத்து வெடியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். மண் மூடிய குழாய்க்குள் எனக்கு அது கேட்கவில்லை. நான் என்ன கேட்டேன் என்று அவருக்கு அதுவரை தெரியாது. சொன்னேன். அவர் தன் கையைப் பார்த்தார். அல்ஹம்துலில்லாஹ். இதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை.

இத்தோடு நிறுத்தினால் இது நல்ல சாட்சி. ஆனால் நிறுத்தினால் அது பொய்ச்சாட்சியாகிவிடும்.

காலைக் காப்பாற்றினார்கள். முழங்காலும் கணுக்காலும் மடங்காது. கதிரையில் உட்கார்ந்துதான் தொழுகிறேன், நெற்றி நிலத்தில் பட முடியாது. அதன் கவலை, நிலத்தில் தலை வைக்க முடிகிறவர்களுக்கு விளங்காது. கேமரா நொறுங்கிவிட்டது. உள்ளே இருந்த மெமரி கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. படுக்கையில் கிடந்தபடியே பஸ்மினாவின் ஃபோனில் அந்தப் படத்தை முகநூலில் போட்டேன். துஆ இருந்தால் யானையும் ஒதுங்கிப் போகும் என்று மேலே எழுதினேன். மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று வந்து குவிந்தது. ஊர் ஊராகப் பகிர்ந்தார்கள். எந்த இடம் என்று சிலர் கேட்டார்கள். வழியும் சொன்னேன். குரல் வைக்கும் வழக்கத்தைப் பற்றி ஒரு வரி எழுதினேனா? இல்லை. அது படத்துக்கு அழகில்லை.

அடுத்து வந்த சிறுபோகம் விளைந்த நேரம் அட்டாளைச்சேனையிலிருந்து ஸஜாத் என்றொரு இளைஞன், புதுக் கேமராவோடு, தனியாக அதே இடத்துக்குப் போனான். துஆ ஓதிக்கொண்டு போறேன், பயப்படாதீங்க என்று உம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். மறுநாள் காலையில்தான் யானை அடித்த அவன் உடலைக் கண்டெடுத்தார்கள். நான் எப்படி எடுத்தேனோ அப்படியே எடுக்கப் பார்த்திருக்கிறான். அதே புற்றுக்குப் பின்னால்.

ஜனாஸாவுக்குப் போனேன். பஸ்மினா போக வேண்டாம் என்றாள், அவர்கள் ஏதும் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தாள். சொல்லட்டும் என்றுதான் போனேன். அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு ஸஜாதின் வாப்பா என்னிடம் வந்தார். மீன் வியாபாரி. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், காக்கா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடலாம். என் காலைப் பார்த்தே அடையாளம் கண்டிருக்க வேண்டும். ஏசுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, அண்டைக்கு நீங்க ஓதின துஆ என்ன துஆ? எனக்கு அத ஒருக்காச் சொல்லுங்க. என்ட புள்ளைக்கு அது தெரியாமப் பெயித்தோ எண்டு நெஞ்சு கிடந்து அடிக்கிது."

அந்த யானை என்னை மிதித்திருக்கலாம் என்று அப்போது நினைத்தேன். இது பேச்சுக்குச் சொல்வதல்ல.

"நான் ஒண்டும் ஓதல்ல காக்கா. ஓத வரல்ல. யா அல்லாஹ் எண்டு மட்டும்தான் வந்திச்சு."

அவர் மண் மூடிய கபுரைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அவனும் அதத்தான் சொல்லிரிப்பான். ரப்பு அவன்ட சத்தத்தையும் கேட்டிரிப்பான், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா தம்பி, அவன் உள்ளுக்க இரிக்கான் எண்டு தெரிஞ்ச ஒரு மனிசனும் அந்த வட்டையில இல்லாமப் பெயித்தே."

எனக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். ஏசியிருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

அன்றே படத்தை அழித்தேன். அழித்து என்ன, அது எத்தனை ஃபோனில் இருக்கிறதோ. ஏன் எனக்கு நெருப்புப்பெட்டி நனைந்தது, ஏன் அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டேன். நான் அவனைவிட நல்லவன் இல்லை, அது மட்டும் நிச்சயம். அவனுக்காகக் கேட்காமல் ஒரு தொழுகையையும் நான் முடிப்பதில்லை.

என் மார்க்கச் சகோதரர்களே, அல்லாஹ்விடம் கேளுங்கள். அரபு வராவிட்டால் தமிழில் கேளுங்கள். முகம் இல்லாவிட்டால் சின்னதாகக் கேளுங்கள். அவன் கேட்கிறான். சேற்றுக்குள் கிடந்த ஒருவன் சொல்கிறேன், நம்புங்கள். ஆனால் என் கதையைக் கையில் வைத்துக்கொண்டு காட்டோரம் போகாதீர்கள். எனக்கு அவன் உதவியை அனுப்பியது ஒரு மனிதனுடைய இரண்டு காலில்தான். அந்த மனிதனுக்குத் தெரியாமல் ஒளிந்துகொண்டு இறங்கியவன் நான்.

இப்போது படம் எடுக்கப் போகிற பிள்ளைகளோடு நானும் போகிறேன். வாய்க்கால் கட்டில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்திருப்பேன். யார் எந்தப் பக்கம் போனார்கள், யார் திரும்பினார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான் என் வேலை. கேமரா தொடுவதில்லை. உங்களுக்குக் கூட வர ஒரு ஆள் இல்லையென்றால் கல்முனையில் என் ஸ்டூடியோவுக்கு வந்து கூப்பிடுங்கள். நொண்டிக்கொண்டு வருகிற ஆள்தான். ஆனாலும் வருவேன்.