ஐம்பது கோபம்

இடது கையில் தேநீர்க் கோப்பை இருக்கிறது. வலது கையின் இரண்டு விரல்கள் உறையின் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தூக்குகின்றன. உறை திறக்கிறது, டேப்லெட் சாய்ந்து நிற்கிறது, கீபோர்டு மேசையில் படிகிறது. உடனே மூடுகிறார். மறுபடி திறக்கிறார். கோப்பையில் தேநீர் அலுங்கவில்லை. காலையில் நானூறு தடவை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நானூறு தடவை. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பேசுவார். எண்ணிக்கை மட்டும் தப்பாது.

டேப்லெட்டுக்குக் கீபோர்டு வைத்த உறை செய்யும் கம்பெனி அது. முன்பு கைப்பை செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தவர், கைப்பை போய் உறை வந்த பிறகும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். இருபத்தெட்டு வருடம் ஆகிறது. கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருக்கும். சோதனைத் தாளில் எத்தனையோ கட்டங்கள் அச்சடித்திருந்தாலும் அவர் எழுதுவது இரண்டே சொற்களில் ஒன்றுதான். பிடித்தால் 'போகட்டும்', பிடிக்காவிட்டால் 'ஆகாது'. முதலாளியே எதிரில் வந்து நின்று சிரித்தாலும் அந்தச் சொல் மாறாது. ஆகவே அவர் பெயர் வருகைப் பதிவேட்டோடு நின்றுவிட்டது. எல்லோர் வாயிலும் 'ஆகாது அக்கா'தான்.

அதே அறையில் ஒரு இயந்திரமும் உண்டு. இரும்புக் கை ஒன்று உறையைத் திறந்து மூடும், முப்பதாயிரம் தடவை, களைப்பில்லாமல். அக்கா அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருக்கிறார். "ஏசி ரூம் வேணும், வேளாவேளைக்கு எண்ணெய் வேணும், யாரும் தொடக்கூடாது. செய்யறது ஒரே வேலை. வேற என்னன்னு கூப்பிடறது?" என்பார். மாப்பிள்ளையின் குறையும் அவருக்குத் தெரியும். அது எப்போதும் உறையின் நட்டநடுவில் பிடித்து, ஒரே பலத்தில் தூக்கும். உலகத்தில் ஒருவரும் அப்படித் திறப்பதில்லை என்பது அவர் வாதம். ஒரு கையில் பை இருக்கும், குழந்தை இருக்கும், கோப்பை இருக்கும். மீதிக் கைதான் உறைக்கு. அதுவும் மூலைக்குத்தான் போகும்.

மாப்பிள்ளைக்குத் தெரியாத சோதனைகள் அவரிடம் ஒரு டஜன் இருக்கின்றன. உறையை மடியில் வைத்து, ஒரு காலை ஆட்டிக்கொண்டே ஒரு பக்கம் தட்டச்சு செய்வார். டேப்லெட்டைச் சாய்த்து நிறுத்தும் பின்தாங்கி சறுக்கினால் ஆகாது. பிஸ்கட்டை நொறுக்கித் தூவி, கவிழ்த்துத் தட்டி, எந்த விசை நறநறக்கிறது என்று காது கொடுத்துக் கேட்பார். கைக்குப் பூசும் கிரீமை விரலில் தடவிக்கொண்டு ஒரே எழுத்தை ஆயிரம் தடவை அழுத்துவார். எழுத்து மங்கினால் ஆகாது. இடுப்பு உயரத்திலிருந்து மூலை குத்த தரையில் போடுவார். சத்தத்தைக் கேட்டாலே உள்ளே காந்தம் நகர்ந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார். புதிதாகச் சேர்ந்தவர்கள் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அக்கா சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்வார்கள்.

திரும்பி வந்த உறைகள் என்றால் அவருக்கு நேரம் போவதே தெரியாது. பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு, உரியவரைக் கண்ணெதிரில் பார்த்ததுபோலப் பேசுவார். இவர் இடது கைக்காரர். இது சமையல் மேடையில் கிடந்தது. இதில் ஒரு பிள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, அம்மா சுரண்டி எடுத்திருக்கிறாள். சொல்வதில் பாதி சரியா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் யாரும் மறுத்துப் பேசியதும் இல்லை.

அப்படிப்பட்டவர் போன வருடம் சறுக்கினார். மெலிசான புது உறை மாதிரி ஒன்று சோதனைக்கு வந்தது. இயந்திரம் சரி என்றது, அக்காவின் கையும் சரி என்றது. 'போகட்டும்' என்று எழுதினார். நான்கு மாதத்தில் முந்நூற்றுக்கும் மேல் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் கோளாறு ஒரே இடத்தில்தான். கீபோர்டையும் டேப்லெட்டையும் இணைக்கும் பட்டை வயர், மடிப்பின் இடது ஓரத்தில் அறுந்திருந்தது. யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. அதே வயர் அவர் வீட்டிலும் அறுந்திருந்தது.

வீட்டில் இருப்பவர் அவருடைய கணவர், ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மைக் இல்லாமல் பேசியவர். மூன்று வருடத்துக்கு முன் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் மிஞ்சியது, குரல் போய்விட்டது. அதன்பிறகு டேப்லெட்டில் தட்டச்சு செய்து காட்டித்தான் பேச்சு. எழுதியதைப் படித்துச் சொல்கிற வசதி அதில் இருந்தது. ஆனால் வந்தது பெண் குரல். முதல் நாளே அதை நிறுத்திவிட்டு, வீட்டில் ஒரு பெண் குரல் போதும் என்று எழுதிக் காட்டினார். விரல் தடித்தவர் என்பதால் திரையில் தட்டினால் ஒன்றுக்கு இரண்டாக விழும். ஆகவே அக்கா தன் கையால் தேர்ந்தெடுத்த ஒரு கீபோர்டு உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மெலிசு மாதிரிதான்.

ஒரு நாள் மருத்துவரிடம் போயிருந்தார்கள். விழுங்கும்போது வலி இருக்கிறதா என்று மருத்துவர் கேட்டார். மாஸ்டர் உறையைத் திறந்து தட்டினார். எழுத்து விழவில்லை. வயர் அரைகுறையாக அறுந்து கிடந்ததால் கீபோர்டு இன்னும் இருக்கிறது என்றே டேப்லெட் நினைத்துக்கொண்டிருந்தது. ஆகவே திரையில் தொட்டுத் தட்டுகிற எழுத்துப் பலகையும் வரவில்லை. மாஸ்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே வரிசை நீண்டிருந்தது. அக்கா முந்திக்கொண்டு, வலியெல்லாம் இல்லை என்று பதில் சொல்லிவிட்டார். வலி இருந்தது. ஒரு மாதம் கழித்துத்தான் அது தெரிந்து, புதிதாக மருந்து ஆரம்பித்தார்கள். பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. இருந்தாலும் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி இருவரும் அதன்பின் பேசவே இல்லை.

வயர் ஏன் அறுகிறது என்பதை அக்கா கண்டுபிடித்தது சமையலறை வாசலில் நின்றுகொண்டு. கம்பெனி வேறொன்று மாற்றிக் கொடுத்திருந்தது. மாஸ்டருக்கும் அவருக்கும் ஏதோ வாக்குவாதம். மாஸ்டர் கடகடவென்று தட்டினார், காட்டினார், அக்கா எதிர்த்துப் பேசினார். உடனே மாஸ்டர் டேப்லெட்டின் முதுகில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அறை அறைந்து உறையை மூடினார். பேச்சு முடிந்தது என்று அதற்குப் பொருள். குரல் இருந்த காலத்தில் கதவைச் சாத்துவார். இப்போது இது. வலது கை அறைந்தால் மடிப்பின் இடது ஓரம்தான் முறுக்கிக்கொண்டு இழுபடும். அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

மறுநாள் சோதனை அறையில் தன் இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்தாராம். டிசைனரிடம் சொன்னது இதுதான்: "தம்பி, தப்பு மாப்பிள்ளை மேல இல்ல. என் மேல. இருபத்தெட்டு வருஷமா தொட்டுத் தொட்டு என் கை நல்ல கையாயிடுச்சு. அதுக்குக் கோவம்னா என்னன்னே தெரியல."

டிசைனர் முப்பது வயதுக்காரர், மூளைக்காரர். அக்காவோடு ஓயாமல் சண்டை போட்டாலும் அக்கா சொல்லாமல் எதையும் செய்யாதவர். புதிய மாதிரியில் பட்டை வயரை நேராக இழுக்காமல் மடிப்புக்குள் கொஞ்சம் வளைத்துத் தொய்வாக விட்டார். மேலே நெய்த நாடா ஒன்றை ஒட்டினார். இயந்திரத்தில் முப்பதாயிரம் முடிந்தது. பிஸ்கட், கிரீம், தரை எல்லாம் முடிந்தன. குரல் இழந்தவர்களுக்குச் சிகிச்சை தரும் ஒரு மருத்துவமனை இரண்டாயிரம் உறைகள் கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலை அக்கா எழுதிக் கொடுத்தால் அன்றே அச்சு வார்க்கப் போய்விடும். எழுதிக் கொடுப்பதற்கு அக்காவுக்குக் கோபம் தேவைப்பட்டது. ஐம்பது கோபம் என்று தனக்குள்ளே ஒரு எண்ணும் வைத்துக்கொண்டார்.

முதலில் ஆபீசிலேயே முயன்று பார்த்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கோபமாக மூடச் சொன்னார். எல்லோரும் சிரித்துக்கொண்டே தட்டினார்கள். பேக்கிங் பிரிவில் ஒருவர் அறைந்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லையே என்று தடவிக் கொடுத்தார். "ஆகாது. சம்பளம் வாங்கிட்டுக் கோவப்பட முடியாது போல," என்று அக்கா அந்தச் சோதனையை அதோடு மூட்டைகட்டினார். வெள்ளிக்கு முந்தைய வெள்ளி மாலை புதிய உறையை வீட்டுக்குக் கொண்டுபோய் மாஸ்டரின் டேப்லெட்டுக்கு மாட்டினார். ஒரு சின்ன நோட்டும் வாங்கிக்கொண்டார்.

அந்த வாரம் மாஸ்டர் பட்ட பாடு சொல்லி மாளாது. காலையில் எழுந்ததும் மின்விசிறியின் வேகத்தைச் சொல்லிச் சண்டையை ஆரம்பித்தார் அக்கா. குழம்பில் உப்பு தூக்கலாக விழுந்தது, கேட்டதற்கு நாக்கு கெட்டுப்போய்விட்டதா என்றார். மாஸ்டரின் மூக்குக் கண்ணாடி தினமும் ஒரு இடத்துக்குக் குடிபோனது. இருபது வருடத்துக்கு முன் ஒரு பயணத்தில் வழி தவறவிட்டது யார் என்ற பழைய வழக்கைத் தூசி தட்டி எடுத்தார். எதற்கும் அசையாத நாளில் மாஸ்டரின் தம்பியை இழுப்பார். தம்பி என்றால் அறை நிச்சயம். அறை விழுந்ததும் அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய், கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, நோட்டில் 'கோபம்' என்ற தலைப்பின் கீழ் ஒரு கோடு போடுவார். பக்கத்திலேயே உப்பு, கண்ணாடி, தம்பி என்று காரணமும் எழுதுவார். நான்கு கோடு நின்றால் ஐந்தாவதைக் குறுக்கே சாய்த்துப் போடுவது அவர் வழக்கம். மாஸ்டர் குளிக்கப் போகும் நேரத்தில் மடிப்பை வெளிச்சத்தில் பிடித்து, இடது ஓரத்தை நகத்தால் வருடிப் பார்ப்பார்.

புதன்கிழமைக்குள் நாற்பத்தொன்பது சேர்ந்துவிட்டது. வியாழக்கிழமை ஒன்று கூட விழவில்லை. உப்புக்கு மாஸ்டர் தண்ணீர் குடித்தார். கண்ணாடியைத் தானே தேடி எடுத்துக்கொண்டார். தம்பியைச் சொன்னதற்கு, நீ சொல்வதும் சரிதான் என்று எழுதிக் காட்டிவிட்டார். அக்கா திகைத்துப் போனார். நாற்பத்தொன்பதே போதும் என்று வேறு யாராக இருந்தாலும் எழுதிக் கொடுத்திருப்பார்கள். போன வருடம் தான் எழுதியதை நினைத்தால் அவருக்குக் கை ஓடவில்லை.

மாலை வெயில் சாய்கிற நேரம். அக்கா கை கழுவிக்கொண்டு வந்தபோது, சாப்பாட்டு மேசையில் அந்த நோட்டு திறந்து கிடந்தது. மாஸ்டர் எதிரில் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு வரி காத்திருந்தது.

"ஒரு வாரமா இதுக்குத்தானா?"

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மறைக்க ஒன்றும் இல்லை. புதிய உறை, மருத்துவமனை, நாளைக் காலை எழுதித் தர வேண்டியது எல்லாவற்றையும் சொன்னார். மாஸ்டர் தலையாட்டிக் கேட்டார். கடைசியில், இதில் எது நிஜச் சண்டை என்று தட்டிக் காட்டினார்.

"ஒண்ணும் நெஜமில்ல. உங்க தம்பி விஷயம் மட்டும் பாதி நெஜம்," என்றார் அக்கா. மாஸ்டரின் தோள் குலுங்கியது, சத்தமில்லாத சிரிப்பு. அக்கா சிரிக்கவில்லை. நோட்டில் தனியாக நின்ற அந்த நாலு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெஜச் சண்டை ஒண்ணு இருக்கு. நாம அத இன்னும் போடல. அன்னிக்கு டாக்டர்கிட்ட உங்களுக்கு வலி இல்லன்னு நானே சொல்லிட்டேன். உங்கள ஒரு வார்த்தை கேக்கல. இருக்குன்னு நீங்க எழுதிடுவீங்களோன்னு எனக்குப் பயம்."

மாஸ்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக, தடித்த விரலால் அழுத்தித் தட்டினார். திரையை அக்கா பக்கம் திருப்பினார்.

"எனக்காக நீ பேசாத. எனக்குப் பேசத் தெரியும்."

அக்கா படித்து முடிக்கும் வரை மாஸ்டர் காத்திருந்தார். முடித்ததும் உறையை அறைந்து மூடினார். அந்த வாரத்தில் விழுந்த எதுவும் அதற்குப் பக்கத்தில் வராது. மேசையில் இருந்த டம்ளர் குதித்துக் கவிழ்ந்தது. தண்ணீர் நோட்டின் ஓரம் வரை ஓடி நின்றது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கை தானாக உறைக்குப் போனது. மடிப்பின் இடது ஓரத்தை நகத்தால் ஒருமுறை வருடினார். மூலையைப் பிடித்துத் திறந்தார். மாஸ்டர் எழுதிய வரி அப்படியே இருந்தது. அதன் கீழே, 'சரி' என்று தட்டினார். இரண்டு எழுத்தும் பளிச்சென்று விழுந்தன.

மாஸ்டர் அதைப் பார்த்தார். எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். அக்காவின் கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, ஈரம் படாத பக்கமாக நோட்டைத் திருப்பி, நின்றிருந்த நாலு கோட்டின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார்.