மண்வெட்டிக்குப் பாயிண்ட் கிடையாது

முப்பத்தைந்து வயதில் பொம்மைச் சிப்பாய்களை வைத்துக்கொண்டு மேஜைமேல் குனிந்தே கிடப்பவனை ஊர் என்ன சொல்லும்? "வாத்தியாருக்கு மரை கழண்டுபோச்சு" என்றது. சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு அதில் ஒரு காரியம் இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில், திண்டுக்கல் பேகம்பூரில் பூட்டுப் பட்டறை வைத்திருந்த என் நண்பனுக்கு அவன் அண்ணன் துபாயிலிருந்து ஒரு பார்சல் அனுப்பினார். உள்ளே சில டப்பாக்கள். எல்லாம் இரண்டாம் உலகப் போர்ச் சிப்பாய்கள், ஆளுக்கு ஓர் அங்குல உயரம், சாயம் பூசாத பிளாஸ்டிக். கூடவே நாலைந்து பொம்மை லாரி, ஒரு விதிப்புத்தகம். மேஜையில் மலையும் ஆறும் அமைத்து, பகடை உருட்டி, ஸ்கேல் வைத்து அளந்து படையை நகர்த்த வேண்டும். ஒவ்வொரு சிப்பாய்க்கும் அவன் ஆயுதத்தைப் பொறுத்து இத்தனை பாயிண்ட் என்று அந்தப் புத்தகத்தில் போட்டிருக்கும். ஞாயிறு பூசை முடிந்ததும் நான் பட்டறைக்கு ஓடிவிடுவேன்.

அப்பா அந்தப் போருக்குப் போனவர். பத்தொன்பது வயதில் பர்மா எல்லைக்குப் போய் மூன்று வருஷம் கழித்துத் திரும்பியவர். அதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டார். "சண்டை எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. "அதெல்லாம் என்னத்துக்கு இப்ப?" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார். பட்டாளத்தில் அவர் இருந்த கம்பெனியையே மேஜைமேல் நிறுத்திவிட்டால் ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார் என்று நினைத்தேன். அவருக்கு எழுபத்தைந்து நடந்துகொண்டிருந்தது. இன்னும் எத்தனை நாள் காத்திருப்பது?

எடுத்த எடுப்பிலேயே எரிச்சல். 'இந்தியர்கள்' என்று எழுதிய டப்பாவில் அத்தனை பேருக்கும் தலைப்பாகையும் தாடியும். திண்டுக்கல்லிலிருந்து போனவனுக்கு ஏது தாடி? சாவிக்குப் பல் அராவுகிற பொடி அரத்தை நண்பனிடம் வாங்கிவந்து, பன்னிரண்டு பேரின் தலைப்பாகையையும் தொப்பியாக்கினேன். தாடியை எடுக்கப்போய் மூன்று பேருக்கு மூக்கும் சேர்ந்து போய்விட்டது. காக்கி, பச்சை, நம் ஊர்க் கறுப்பு என்று மூன்று மாதம் பூசினேன். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

டிசம்பர் வந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் குடில் கட்டுவார்கள். நல்ல குடிலுக்குப் பங்குக் கோயிலில் பரிசும் உண்டு. ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கிறேன், என் பன்னிரண்டு பேரும் அம்மாவின் குடிலுக்குள் பசை போட்டு ஒட்டப்பட்டு நிற்கிறார்கள். தொப்பிக்கெல்லாம் தங்கக் கலர் பெயிண்ட்.

"ஏரோது ராசாவோட சேவகனுக்கு ஆள் இல்லாம இருந்துச்சு அப்பு. இவனுக சும்மா டப்பாவுலதான கெடந்தானுக" என்றார் அம்மா.

பச்சைக் குழந்தைகளை வெட்டிய ஏரோதின் சேவகர்களாம்! என் அப்பாவின் கம்பெனி! "மூணு மாச வேலைம்மா! இவங்க யாருன்னு தெரியுமா ஒனக்கு?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

சத்தம் கேட்டு அப்பா வந்தார். ஒருவனைப் பிடுங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "யார்ரா இவன்?"

"நீங்கதான்ப்பா. ஒங்க கம்பெனி."

செத்த நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க கையில துப்பாக்கி ஏதுடா? நாங்க ரோடு போட்ட ஆளுக. மண்வெட்டி, கடப்பாறை, கூடை. அம்புட்டுதான்."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பட்டாளத்து மாப்பிள்ளை என்று சொல்லிக் கட்டிக்கொடுத்த கல்யாணம் அது. நானோ, அப்பா எத்தனை ஜப்பான்காரனைச் சுட்டார் என்று பள்ளிக்கூடம் முழுக்க அளந்து விட்டவன்.

"இத்தனை வருசமா ஏன்ப்பா சொல்லல?"

"நீ எப்பக் கேட்ட? சண்டை எப்படின்னுதான் கேட்ட. ரோடு எப்படின்னு ஒரு நாளாச்சும் கேட்டியா?"

யார்மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மற்றவர்களையும் குடிலிலிருந்து பெயர்த்து, எல்லார் துப்பாக்கியையும் அராவி எறிந்தேன். பழைய பவுடர் டப்பாத் தகரத்தில் மண்வெட்டி வெட்டி ஒட்டினேன். நண்பனிடம் கொண்டுபோய்க் காட்டினால், அவன் புத்தகத்தைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"மாப்ள, மண்வெட்டிக்குப் பாயிண்ட் கிடையாதுடா. இவங்கள வச்சு ஆட முடியாது."

"அப்ப ஒன் லாரியெல்லாம் எதுமேல போகும்? ஒங்க அத்தாவா வந்து ரோடு போடுவாரு?" என்று அவனிடம் பாய்ந்தேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பொருமித் தீர்த்தேன். "அன்னைக்கும் எங்களுக்கு அதே கணக்குதான்டா" என்றார். பிறகு, நான் கேட்காமலே, "படுத்த மாதிரி ஒருத்தன் செய்ய முடியுமா?" என்றார். "நம்ம ஊருப் பக்கம், அகரத்துப் பய ஒருத்தன். எனக்குப் பக்கத்துல வெட்டிக்கிட்டிருந்தான். மேடு சரிஞ்சு மூடிருச்சு." மேற்கொண்டு கேட்டேன். துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

இரண்டு நாளில் ஒருவனைக் காலை அறுத்து, மடக்கி, படுத்தவனாக்கிக் கொடுத்தேன். மேஜைக்கு வருவார், எந்த மேடு, எந்த வளைவு என்று காட்டுவார் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு வைத்திருந்தேன். அவர் நேராகக் குடிலுக்குப் போனார். பாலன் இயேசுவை இருபத்துநான்காம் தேதிப் பூசைக்குப் பிறகுதான் வைப்போம். அதுவரை தீவனத் தொட்டியில் வெறும் வைக்கோல்தான். அப்பா அந்த அகரத்துக்காரனை அதில் படுக்க வைத்தார்.

"பாலன் பொறக்குற எடம்ங்க அது!" என்று அம்மா பதறினார்.

"அதுவரைக்கும் சும்மாதான கெடக்கு" என்றார் அப்பா. "அவனத் தோண்டி எடுக்கக்கூட விடல. லாரி நிக்குதுன்னு அவன் மேலயே ரோட்டைப் போடச் சொல்லிட்டானுக. போட்டோம். நாலு நாளு வைக்கோல்ல படுத்துக்கிடட்டும்."